எழுந்து போக முடியாத பேரம்

என்னையும் தன் தம்பியையும் மலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவள் என் மனைவி. காரணத்தையும் அவளே சொன்னாள். கீழே எங்கே உட்கார்ந்து பேசினாலும் எங்களில் ஒருவர் பாதியில் எழுந்து போய்விடுகிறோமாம். மலையில் எழுந்து போக இடம் கிடையாதாம்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பேரத்தில் எழுந்து போவதைவிடப் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை. சரக்கைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தால்தான் எதிராளி உண்மையான விலைக்கு வருவான். நானும் மச்சினனும் ஒரே கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்து தொழில் படித்தவர்கள். கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்செடுத்த நாளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போய்க்கொண்டே இருந்தோம். சாப்பாட்டு மேசையில் பேச்சை ஆரம்பித்தால் அவன் கை கழுவப் போய்விடுவான். கடையில் ஆரம்பித்தால் எனக்குப் பரண் மேல் ஏதாவது வேலை வந்துவிடும்.

விஷயம் இதுதான். எங்களுக்கு இரண்டு கடை. இரண்டிலும் தார்ப்பாய், கயிறு, மழைக்கோட்டு, கூடாரம், இப்படி மழைக்கும் வெயிலுக்கும் ஆன சரக்கு. பழைய கடை கடைத்தெரு முனையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஷட்டர். நிமிர்ந்து நடந்தால் தலையில் கயிற்றுச் சுருள் இடிக்கும். தார்ப்பாய்ச் சுருட்டுகள் சுவரோரம் நிற்கும். விளக்குப் போடாத நேரத்தில் பார்த்தால் யாரோ நாலு பேர் வந்து பேசாமல் நிற்பது போலிருக்கும். வாசலுக்கு மேலே என் மாமனாரின் பெயரும் படமும் போட்ட பலகை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆனபிறகும் பலகைக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட். புதிய கடை ஊருக்கு வெளியே, பெரிய சாலையில், டயர் கடைக்குப் பக்கத்தில். லாரி பின்பக்கமாக வாசல் வரை வந்து நிற்கும். கூரை உயரம். ஒரு கூடாரத்தை முழுசாக விரித்து நிறுத்தி வாடிக்கையாளரை உள்ளே உட்காரவைத்தே விலை பேசலாம்.

பழைய கடைதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவனும் அதே கடை, அதே ஒற்றைக் கால்.

எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது புதிய கடை. பழைய கடையில் எனக்குத் தலை நரைத்துவிட்டது; அப்போதும் உள்ளே வருகிற ஆள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்றுதான் கேட்பார். நான்தான் என்று சொன்னால், "ஓ, மருமகனா?" என்பார். டயர் கடைக்குப் பக்கத்தில் யாருக்கும் என் மாமனாரைத் தெரியாது. அங்கே கல்லாவில் உட்கார்ந்தால் நான் முதலாளி, அவ்வளவுதான். ஆனால் வேண்டிய பொருளை முறைத்துப் பார்த்துக்கொண்டே விலை கேட்கிறவன் உருப்படமாட்டான். பக்கத்துப் பொருளைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய கடைக்காகக் கடைசிவரை மல்லுக்கட்டி, பெரிய மனசு பண்ணி அதை விட்டுக் கொடுத்து, ஆறுதல் பரிசு மாதிரிப் புதியதை வாங்கிக்கொள்வது என் கணக்கு. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அவனுக்கு அக்கா; தம்பி முகம் வாடினால் சொல்லிவிடுவாள்.

மலையேற்றத்துக்கு வழிகாட்டியை ஏற்பாடு செய்தவளும் அவள்தான். வழிகாட்டி முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்; ஊரே அவரை விசில் என்றுதான் கூப்பிடும். எங்கள் கடையில் தார்ப்பாய் வாங்க வந்தால் பேரத்தில் எங்களையே அசரவைத்துவிட்டுப் போகிற பெண்மணி.

காலையில் மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கும்போதே மேலே பாதி மலையைக் காணோம். வானிலை அறிக்கை முந்தின நாளே சொல்லிவிட்டது. நான் படித்தேன். அவனும் படித்திருந்தான். தள்ளிப்போடலாம் என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் சொல்கிறவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவான். விசில் எங்களை நிறுத்திவைத்து, உச்சிக்குப் போக முடியாது, நடுவில் உள்ள புல்மேடு வரைக்கும் போய்த் தங்கிவிட்டு வரலாம், அதற்கே மனசில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளைக்கு எப்படியோ என்றேன் நான். அத்தான் சரியென்றால் தனக்கும் சரி என்றான் அவன். விசில் எங்கள் இருவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

முதலில் சாரல்தான். பாதை மரங்களுக்குள் போகிறவரை சிரமம் தெரியவில்லை. மச்சினன் முன்னால் போனான். அவனுக்கு என்னைவிட வயது குறைவு, தொப்பை அதிகம். நான் பேச்சை ஆரம்பித்தால் அவன் நடையைக் கூட்டினான். அவன் ஆரம்பித்தால் நான் ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். எழுந்து போக இடமில்லை என்று என் மனைவி நினைத்தது தப்பு. மலையில் போவதைத் தவிர வேறென்ன வேலை.

மரங்கள் முடிந்த இடத்தில் காற்று அறைந்தது. மழை மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தது. புல்மேட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓடை குறுக்கே வருகிறது. சாதாரண நாளில் செருப்பு நனையாமல் தாண்டலாமாம். அன்றைக்குப் பழுப்பு நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போனது. விசில் தாண்டி, அந்தக் கரையில் காலை ஊன்றித் தன் தடியை நீட்டிப் பிடித்தார். நானும் அதைப் பிடித்துத் தாண்டிவிட்டுத் திரும்பி மச்சினனுக்குக் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். நான் கொடுத்து அவன் வாங்கிக்கொள்வதாக ஆகிவிடுமே என்ற யோசனை அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். கையைப் பிடிக்காமலே கல்லில் கால் வைத்தான். கல் புரண்டது. மார்பு வரைக்கும் தண்ணீரில் போய்விட்டான்.

விசில் அவன் பைப் பட்டையைப் பிடித்துவிட்டார். நான் காலரைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்துக் கரையில் போட்டோம். அடி எதுவும் இல்லை. ஆனால் ஆள் முழுக்க ஈரம், பைக்குள் இருந்த மாற்றுத் துணியும், உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப்பையும் ஈரம். தண்ணீர் புகாத பைகளைக் கடையில் அடுக்கடுக்காக வைத்து விற்கிறோம். எங்களுக்கென்று ஒன்று எடுத்து வரவேண்டும் என்று தோன்றவில்லை.

திரும்பிப் போகலாம் என்று அப்போது நானே வாய்விட்டுச் சொன்னேன். விசில் ஓடையைக் காட்டினார். நாங்கள் தாண்டிய கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. வேகமாக நடந்து புல்மேட்டுக்குப் போய்க் கூடாரத்தைப் போட்டு இவர் உடம்பைக் காயவைப்பது ஒன்றுதான் வழி என்றார். 

புல்மேட்டில் ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் மறைவில் பையை இறக்கினோம். விசிலிடம் ஒரு ஆள் மட்டும் படுக்கிற சின்னக் கூடாரம். எங்களுடையது எங்கள் கடைச் சரக்கிலேயே உசத்தியானது. அலமாரியிலிருந்து புதுசாக நானே எடுத்து வந்தது. உறையைப் பிரித்தேன். துணி இருந்தது. மடக்குக் கம்பிகள் இருந்தன. கூடாரத்தைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற ஆணிகள் இல்லை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். கூடாரத்தை வாங்குகிற மாதிரிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆணிப் பையை மட்டும் உருவிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதனால் ஆணிகளை எடுத்துக் கல்லா டிராயரில் பூட்டிவைத்துவிடுவோம். பில் போட்ட பிறகுதான் கையில் கொடுப்போம். அப்படி ஏற்பாடு செய்தவன் நான். முதலாளி தன் கடையில் பில் போட்டுச் சரக்கு எடுப்பானா? ஆணிகள் கீழே, டிராயரில், பத்திரமாக இருந்தன.

"கூடாரம் விக்கிறவங்கதானே நீங்க?" என்றார் விசில்.

  தன் கூடாரத்து ஆணிகளில் இரண்டை உருவிக் காற்று வருகிற பக்கத்து மூலைகளில் அடித்தார். எஞ்சிய இரண்டு மூலைகளிலும் ஆணிக்குப் பதிலாக உள்ளே ஆளுக்கொரு பக்கம் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள், யாராவது எழுந்தால் அந்தப் பக்கம் காற்று புகுந்து மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார்.

உள்ளே போனதும் மச்சினனின் ஈரத்துணியை எல்லாம் உருவிப் போடச் சொன்னார். என் பையில் காய்ந்த கம்பளிச் சட்டை ஒன்றும் காற்சட்டை ஒன்றும் தூக்கப்பையும் இருந்தன. மூன்றையும் அவனுக்குக் கொடுத்தேன். அதில் பேரம் எதுவும் நடக்கவில்லை. நான் மழைக்கோட்டோடு என் மூலையில் படுத்தேன். அவன் தூக்கப்பைக்குள் புகுந்து தன் மூலையில் படுத்தான். பல் அடித்துக்கொள்கிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உதடு ஊதா நிறத்தில் இருந்தது. விசில் அடுப்பு பற்றவைத்துச் சர்க்கரை நிறையப் போட்ட தேநீரை அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

போகும்போது என்னிடம் சொன்னார்: "அவர பேச வச்சுக்கிட்டே இருங்க. தூங்க விடாதீங்க. பேச்சு குழறுச்சுன்னாலோ, சம்பந்தமில்லாம பேசினாலோ உடனே என்னைக் கூப்பிடுங்க. குளிர் மூளைக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கூடாரத் துணி வழியாக எல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. அவன் உதடு மட்டும் அந்த நிறத்துக்குக் கட்டுப்படவில்லை. அவனைப் பேசவைக்க வேண்டும். எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? அவன் பையனின் பள்ளிக்கூடத்தைக் கேட்டேன்; ம் என்றான். அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தேன், அதற்கும் ம். கண் செருகுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே சூடான விஷயத்தை எடுத்தேன்.

"மாப்ளே, பழைய கடை எனக்குத்தான். உனக்கு அங்க என்ன உரிமை இருக்குன்னு நான் கேக்கிறேன்."

கண் திறந்தது.

"என்ன உரிமையா?" என்றான்.

ஆரம்பித்தான். அவன் அப்பா வைத்த கடையாம். அவன் பல் முளைக்குமுன்னே கயிற்றைக் கடித்தவனாம். நான் வந்தபோது எனக்கு நைலானுக்கும் சணலுக்கும் வித்தியாசம் தெரியாதாம். நானும் விடவில்லை. பரணில் பூசணம் பிடித்துக் கிடந்த சரக்கை யார் விற்றுக் காசாக்கியது என்று கேட்டேன். மழைக்கோட்டு வியாபாரத்தை யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். அவன் பதிலுக்கு என்னைக் கேட்டான். ஒவ்வொரு பதிலுக்கும் பல் அடிப்பது கொஞ்சம் குறைந்தது. இரண்டு தடவை கோபத்தில் எழுந்து போகப் பார்த்தான். அவன் முதுகு தரையை விட்டதும் அந்த மூலை விம்மிப் புடைத்தது, திரும்பப் படுத்துக்கொண்டான். ஒரு தடவை நானும் எழப் பார்த்தேன். என் மூலையும் அதையே செய்தது.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று அமைதியானான். கூரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சாதுவான குரலில் சொன்னான்.

"சரி அத்தான். பழைய கடைய நீங்களே வச்சுக்குங்க."

எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து இத்தனை வருஷத்தில் அவர்களில் யாரும் முதலில் விட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மாமனார் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விடும்போதுகூட அறை வாடகையைக் குறைக்கச் சொன்னவர். குளிர் மூளைக்கு ஏறிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். கத்தினேன். அடுத்த கூடாரத்திலிருந்து விசில் மழையில் ஓடி வந்து தலையை உள்ளே நீட்டினார்.

"என்னாச்சு?"

"விட்டுக் குடுக்கிறான்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் உள்ளே வந்து அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னார், தொட்டான். கடைசியாக, உங்கள் கடையில் பெரிய மழைக்கோட்டு எனக்கு என்ன விலை என்று கேட்டார். மச்சினன் கண்ணிமைக்காமல், கொஞ்சம் கூட்டியே ஒரு விலை சொன்னான்.

"நல்லாத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். உதடு சிவந்திருந்தது. கன்னத்தில் சூடு வந்திருந்தது. ஆள் தெளிவாக இருந்தான். தெளிவாக இருக்கிற ஒருவன், அதுவும் இவன், ஒரு வருஷமாகக் கேட்டதைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு வேண்டியது அது இல்லை. நான் கேட்ட பொருளை என் மடியில் போட்டுவிட்டான். இனி நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டும் என்றால் புதிய கடை அவனுக்கு. நான் கடைசி ஆட்டத்துக்கு வைத்திருந்த சீட்டை அவன் ஒரு சுற்று முன்னால் இறக்கிவிட்டான்.

கீழேயாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பேன். இங்கே எழுந்தால் கூடாரம் போய்விடும். மூலையில் படுத்தபடி, துணி படபடப்பதைக் கேட்டுக்கொண்டு யோசித்தேன். சரி என்று சொன்னால் மிச்ச ஆயுசுக்கும் மருமகன். அது வேண்டாமென்றால், வியாபாரத்தில் நான் செய்யவே செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும்.

"எனக்குப் பழைய கடை வேணாம் மாப்ளே," என்றேன். "புதுசுதான் வேணும். ஆரம்பத்துல இருந்தே."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"எனக்கும் புதுசுதான்," என்றான்.

 பிறகு அவன் காரணம் கேட்டான். சொன்னேன். வருகிற ஆட்கள் எட்டிப் பார்ப்பதைச் சொன்னேன். மருமகனா என்று கேட்பதைச் சொன்னேன். பலகைக்குப் பெயின்ட் அடிக்கிறவன்கூட ஏணியில் நின்று படத்தைக் கும்பிட்டுவிட்டு, கீழே இறங்கிக் கூலியை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டு போவதைச் சொன்னேன். இவ்வளவையும் யாரிடமும் சொன்னதில்லை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

அவன் சிரிக்கவில்லை. தன் பங்குக்கு அவனும் சொன்னான். வருகிறவர்கள் எல்லாம், உங்க அப்பா இருந்தா இந்த விலைக்கா தருவாரு என்றுதான் ஆரம்பிக்கிறார்களாம். அப்பா அடிமாட்டு விலைக்குக் கொடுத்ததாக ஊரில் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதாம். அவர் தலைமேல் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது எப்படி ஒரு காசு கூட்டிக் கேட்பது?

"அந்தப் பலகைய என்னைக்கோ கழட்டி எறிஞ்சிருக்கணும்," என்றேன், பேச்சுவாக்கில்.

"நீங்க கழட்டியிருந்தா ஊரே திரண்டு வந்திருக்கும், மருமகன் செஞ்ச வேலையப் பாருன்னு," என்றான். அப்படியே நிறுத்தினான். எதையோ எடைபோட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது; தொழிலில் அவன் முகம் எனக்கு அத்துப்படி. "நான் கழட்டினா யாரு கேப்பா? நான் மகன்."

நான் பேசாமல் இருந்தேன். எதிராளி தானாக இறங்கி வரும்போது வாயைத் திறப்பவன் முட்டாள்.

"படம் இல்லேன்னா எனக்கு அந்தக் கடை ஓகேதான்," என்றான். "கடைத்தெரு முனை, ரெண்டு ஷட்டர். கசக்கவா போகுது. நீங்க புதுசை எடுத்துக்குங்க. ஆனா கயிறு மொத்தமும் எனக்கு. புதுக் கடையில ஒரு முழம் கயிறு விக்கக் கூடாது."

கயிறுதான் எங்கள் வியாபாரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்காமல் ஓடுகிற சரக்கு. அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது அதிகப்படி என்றேன். சும்மா விட்டுக் கொடுத்தான் என்று நாளைக்கு அக்காவே தன்னைக் கேலி செய்வாள், அதற்காகவாவது வேண்டும் என்றான். பாதிக் கயிறு என்றேன். அவன் தூக்கப்பையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினான். இப்போது அவன் தூங்கினால் எனக்குப் பயமில்லை. பயமில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"முழுசும்," என்றான்.

"எடுத்துத் தொலை," என்றேன்.

அவன் நன்றாகவே தூங்கினான். நான்தான் தூங்கவில்லை, என் தூக்கப்பை அவனிடம் இருந்தது.

விடிந்தபோது மழை ஓய்ந்து, ஓடையில் கற்கள் தலைகாட்டியிருந்தன. இறங்கி வருகிற வழியெல்லாம் பங்கு எழுதுகிற வேலையைப் பேசிக்கொண்டே வந்தோம். விசில் எங்களைவிட ரொம்ப தூரம் முன்னால் நடந்தார். வீட்டில் கயிற்றைப் பற்றி மூச்சுவிடாமல் முடிவைச் சொன்னபோது என் மனைவி, கயிற்றையுமா விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, அது எனக்காக இல்லை.

இப்போது டயர் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் யாரையும் தேடி உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. லாரிக்காரர்கள் வந்து தார்ப்பாயைப் பிரித்து, நீளம் பார்த்து, விலையும் படிந்தபிறகு, கட்டுவதற்குக் கயிறு எங்கே என்று கேட்கிறார்கள். பேச்சு பேச்சுதான். தார்ப்பாயும் கயிறும் சேர்ந்தே கிடைக்கிற கடைத்தெரு முனைக்கு நானே வழி சொல்லி அனுப்புகிறேன். சிலர் காசு கொடுக்காமல் தார்ப்பாயை இங்கே வைத்துவிட்டு, கயிறு வாங்கிக்கொண்டு வந்து சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று போகிறார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பி வரவில்லை.